வலித்தலும் வலியும்

தமிழில் ‘வலி’ என்னுஞ் சொல் மூன்று பொருளைத் தாங்கி நிற்கின்றது. வலி என்பது ஆற்றல். வலித்தல் என்பது இழுத்தல். சிறப்பாகத் துடுப்பும் தண்டுங் கொண்டு தோணியைச் செலுத்துதல். வலி என்பது நோவுமாம். ஆற்றலுடையான் வலிக்கின்றான், முறையறியாது வலித்தானுக்கு நோவே எஞ்சுகின்றது. வலித்தலினின்றும் வலியைப் பிரித்து நிறுத்துவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையிற் கூறப்புகும் பொருளாகும். அதற்குக் கருவியாக நாம் எடுத்துக்கொண்டது, நமது கீழைக் கரைக்கு அண்மைக் காலத்தில் வந்துசேர்ந்த பெரிய அலைச்சறுக்குப் பலகை.

இப்பொருள் இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் நாற்பது வயதைக் கடந்தோர். அவ்வயதின் பின் தோள்மூட்டின் தசைநாண்கள் சிறிது சிறிதாகத் தேயத் தொடங்குதல் இயற்கை. விடுமுறையில் மக்களோடு கடற்கரைக்குச் சென்று, அவர் ஏறும் பலகையில் நாமும் ஏறிப் பார்ப்போமென்று புறப்பட்டு, மறுநாட் காலையிற் சட்டையணியக் கையை உயர்த்தமாட்டாது வருந்துவோர் உளர். அவர்க்கு இஃது ஒரு வாரத்துத் துன்பம். கடலை நம்பி வாழ்வோர்க்கோ தோளே முதலீடு. அது பழுதுற்றால் அன்றாட வருவாயே நின்றுவிடும். ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும்.

கிண்ணியாத் துறை

திருகோணமலையிற் படித்த நமக்குக் கிண்ணியாவை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. தம்பலகாமக் களப்பு கொட்டியாரக் குடாவோடு கலக்கும் வாயிலில் அமைந்த ஊர் அது. 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆந் திகதி, 396 மீற்றர் நீளமான பாலம் அங்கே திறந்துவைக்கப்பட்டது. அதுவரை நகருக்கு வருவோர் பாதையிலோ தோணியிலோ அவ்வாயிலைக் கடந்தே வந்தனர். ஊர்தியேற்றும் மிதவையை நம்மவர் ‘பாதை’ என்று வழங்கியதே, நீர்வழி அவர்க்கு நிலவழி போன்றிருந்தமையைக் காட்டும். அப்பாதையிற் கடந்து வந்து கல்வி கற்றோர் நம்முள்ளும் உளர்.

அந்நாளில் நீரைக் கடத்தலும் மீன் பிடித்தலும் பெரிதுங் கைவலியாலேயே நடைபெற்றன. பின்னர் இயந்திரம் பூட்டிய படகுகள் வந்தன. 2004 டிசெம்பர் 26 இல் நிகழ்ந்த கடற்கோள் கிண்ணியாவையும் பெரிதுந் தாக்கியது. அதன்பின் நமது கரையோரத்து மீனவர்க்கு வழங்கப்பெற்ற கலங்களுட் பெரும்பாலன கண்ணாடியிழைப் படகுகளே. துடுப்பின் தேவை குறைந்தது. பாலம் வந்தபின் துறையைக் கடக்கத் தோணியும் வேண்டாதாயிற்று. ஆனால் ஒருபுறம் ஓய்ந்த வலித்தல் மற்றொருபுறம் புதிய வடிவில் வந்துள்ளது. தெற்கே அம்பாறை மாவட்டத்திற் பொத்துவிலை அடுத்த அறுகம் குடா, அலைச்சறுக்கினால் உலகெங்கும் அறியப்பட்ட இடம். அங்கே பலகை பயிற்றுவித்தல் கரையோர இளைஞர் பலர்க்குத் தொழிலாகியுள்ளது. கொட்டியாரக் குடாவின் உட்புறம் அத்தகைய அலைகளுக்கு உரியதன்று. எனினும் சித்திரை முதற் புரட்டாதி வரை அமைதியாகக் கிடக்கும் அந்நீர், பலகையில் வலித்துப் பழகுதற்கு மிகவும் ஏற்றது. அலையேறுமுன் வலிக்கக் கற்றல் வேண்டும். அதற்கு அலையில்லா நீரே நல்லாசான்.

பலகையின் மரபு

பலகைமேற் படுத்து நீரை வலித்தல் நமக்கு முற்றிலும் அயலான செய்தியன்று. சோழமண்டலக் கரையிலுள்ள கட்டுமரமும், நமது வடகீழ்க் கரைகளில் வழங்கிய தெப்பமும், உள்ளீடற்ற கலங்களல்ல. மரங்களைப் பிணைத்த மிதவைகள். நீர் உட்புகுந்து அவற்றை மூழ்கச்செய்தல் இயலாது. புகும் நீர் மரங்களுக்கிடையே வழிந்தோடிவிடும். அலையுடைந்து நுரைக்குங் கரையினைக் கடந்து செல்லவும், அலையின் முதுகிலேறிக் கரையடையவும் அவை வல்லன. ஆங்கிலேயர் ‘கற்றமரான்’ என்று வழங்குஞ் சொல், நமது கட்டுமரம் என்னுஞ் சொல்லினின்றே பிறந்தது.

அலைமேல் நின்று செல்லும் கலையை உயர்நிலைக்குக் கொண்டுவந்தோர் பசிபிக் கடலின் ஹவாய்த் தீவினர். அவர்தம் பலகைகளுள் ‘ஓலோ’ எனப்பட்ட நீண்ட வகை தலைவர்க்குரியதாயிருந்தது. 1912 இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலிற் பொற்பதக்கம் வென்ற டியூக் கஹனமோக்கு என்னும் ஹவாய் வீரர் பயன்படுத்திய பலகையொன்று 16 அடி நீளமும் 114 இறாத்தல், அஃதாவது ஏறத்தாழ 52 கிலோகிராம், நிறையும் உடையதென்பர். ரொம் பிளேக் என்னும் அமெரிக்கர் உள்ளே வெறுமையான பலகையை அமைத்து, 1932 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1950 களின் இறுதியில் நுரைப்பொருளும் கண்ணாடியிழையும் மரத்தின் இடத்தைப் பிடித்தன. இன்று 9 அடி நீளமான பலகையொன்று ஏறத்தாழ 15 இறாத்தல், அஃதாவது 7 கிலோகிராம் அளவினதே. நின்று துடுப்பால் வலிக்கும் பெரும்பலகைகள் 20 முதல் 30 இறாத்தல் வரை நிறுக்கும்.

நிறை குறைந்தும் தோள்நோவு குறையாதது ஏன்? நோவு நிறையினால் மட்டும் வருவதன்று. நிறையைப் பற்றும் முறையினாலும் நீரை இழுக்கும் முறையினாலும் வருவது. அலைச்சறுக்குவோர் கடலிற் கழிக்கும் நேரத்தை அளந்தறிந்தோர் கண்டது யாதெனின், அதில் ஏறத்தாழப் பாதி வலித்தலிலேயே செல்கின்றது என்பதும், அலைமேல் நிற்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவினதே என்பதுமாம். கரையில் நின்று காண்போர் கண்ணுக்கு அவ்வைந்து பங்கே தோன்றும். தோள் அறிவதோ மற்றைப் பாதியை.

தோளின் அமைப்பு

நம் உடலிலுள்ள மூட்டுக்களுள் மிகுதியாக அசையவல்லது தோள்மூட்டு. அவ்வசைவிற்கு விலையாக உறுதியை அது இழந்துள்ளது. இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ஆழ்ந்த குழியிற் பதிந்திருக்கும். தோளிலோ புயவெலும்பின் உருண்டைத் தலை, தோட்பட்டையின் ஆழமற்ற சிறுகுழியின்மேல், தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்போற் பொருந்தியிருக்கின்றது. அப்பழம் உருண்டு விழாமற் காப்பன நான்கு சிறு தசைகள். அவை தோட்பட்டையினின்றும் புறப்பட்டுப் புயவெலும்பின் தலையைச் சூழப் பற்றியுள்ளன. அவற்றுள் மேலே செல்லும் தசையின் நாண், தோள்முனை எலும்பின் கூரைக்குக் கீழே, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரமான இடுக்கினூடே செல்கின்றது. கையை உயர்த்தி உட்புறமாகத் திருப்புங்கால் அவ்விடுக்கு மேலும் ஒடுங்குகின்றது. ஒருமுறை ஒடுங்கினால் தீங்கில்லை. ஒரு காலைப்பொழுதில் ஆயிரமுறை ஒடுங்குமாயின் நாண் உரசுண்டு, வீங்கி, வீக்கத்தாலேயே இடுக்கை மேலும் நிறைத்துக்கொள்ளும். இதுவே பலகை வலிப்போர் தோள்நோவின் பொதுவான வரலாறு.

நெம்புகோல் விதியையும் ஈண்டு நினைவுகூர்தல் நன்று; கல்லூரியில் நாம் பௌதிகவியலிற் படித்ததே. ஒரு கிலோகிராம் நிறையைக் கைநீட்டித் தோளிலிருந்து 60 சென்ரிமீற்றர் தூரத்திற் பிடிப்போமாக. அதனைத் தாங்குந் தசை மூட்டின் அச்சிலிருந்து ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் தூரத்தில் இழுக்குமாயின், அந்நிறையின் இருபது மடங்கு விசையை அது செலுத்தவேண்டும். அதே நிறையை உடலோடு அணைத்து 15 சென்ரிமீற்றரிற் பிடிப்பின் ஐந்து மடங்கே போதும். பலகையை உடலுக்கு அணுக்கமாக வைத்துக்கொள் என்னும் அறிவுரை முழுவதும் இச்சிறு கணக்கில் அடங்கியுள்ளது.

அங்ஙனமாயின் நீரை இழுக்கும் வலிமை எங்கிருந்து வருவது? முதுகின் இருபுறமும் அகன்று கிடக்கும் பெருந்தசை, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியினின்றும் இடுப்பெலும்பினின்றும் எழுந்து, மேலேறிப் புயவெலும்பிற் சென்று பற்றுகின்றது. மார்பின் பெருந்தசையும் அவ்வாறே புயத்திற் பொருந்துகின்றது. இவையே வலித்தற்கென அமைந்த தசைகள். தோளைச் சூழ்ந்த நான்கு சிறு தசைகளும் மூட்டைப் பிடித்து வைத்திருப்பன, சுமையிழுக்கப் பிறந்தனவல்ல. தோள் என்பது ஆற்றலின் ஊற்றன்று. முதுகிற் பிறந்த ஆற்றல் கைக்குச் செல்லும் வாய்க்கால். வாய்க்காலையே ஊற்றாக்க முயல்பவனுக்கு நோவு வருதல் திண்ணம்.

கரைவலை காட்டும் நெறி

இவ்வுண்மையை நூலிற் படியாது உழைப்பிற் கண்டவர் நமது கரைவலைத் தொழிலாளர். கடலில் வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் பற்றிக் கரைக்கு இழுப்பர். அவருள் எவரும் நிமிர்ந்து நின்று கையை மடக்கி இழுப்பதில்லை. கயிற்றைப் பற்றிப் பின்னோக்கிச் சாய்வர். உடல் நிறையே கயிற்றை இழுக்கும். கால்கள் மணலை உந்தும். முதுகு அவ்வுந்துதலைக் கயிற்றிற்குக் கொண்டுசெல்லும். கையோ கொக்கிபோல் நிற்கும். அம்பாப் பாடலின் இசைக்கு இயைய அடிபெயர்த்து வைப்பராதலின், இழுப்பிற்கும் இழுப்பிற்குமிடையே ஓர் இளைப்பாறல் தானே அமைகின்றது. உடலால் இழுத்தல், கையைக் கொக்கியாக்கல், இடையிடையே ஓய்தல் என்னும் இம்மூன்றும் பலகை வலித்தற்கும் அப்படியே பொருந்தும். இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

பலகையில் வலிக்கும் முறை

முதலாவது, படுக்கும் இடம். பலகையின் முன்முனை நீருக்குமேல் இரண்டு மூன்று விரற்கடை உயர்ந்து நிற்கும்படி படுத்தல் வேண்டும். பின்தள்ளிப் படுத்தால் முன்முனை வானை நோக்கும். வால் நீரில் அமிழ்ந்து ஏர்போல் உழும். ஒவ்வோர் இழுப்பும் அத்தடையை வெல்வதிலேயே வீணாகும். முன்தள்ளிப் படுத்தால் முனை நீருட் புகும். தோள் நோகின்றதென்று கூறுவோர் பலர்க்கு இரண்டங்குலம் இடம்பெயர்தலே பாதி மருந்தாகும். கால்களைச் சேர்த்து வைத்தல் வேண்டும். அகற்றிய கால்கள் இருபுறமும் நீரைத் தடுக்கும்.

இரண்டாவது, மார்பின் நிலை. மார்பு முழுவதையும் பலகையிற் பதித்துக் கிடந்தால், இழுத்த கையை மீண்டும் முன்கொணரத் தோளைப் பின்னும் மேலுமாக முறுக்கவேண்டி வரும். அப்போதே மேற்கூறிய இடுக்கு ஒடுங்குகின்றது. ஆதலின் மேல்முதுகை வளைத்து மார்பைச் சிறிது உயர்த்துக. இடுப்பை மட்டும் வளைத்தால் நோவு இடுப்பிற்கு இடம்மாறும். கழுத்தை மட்டும் நிமிர்த்தினாற் கழுத்திற்கு மாறும். கீழ்விலா பலகையிற் படிந்திருக்க, மார்பெலும்பு சற்றே உயர, பார்வை சில மீற்றர் முன்னே நீரிற் செல்வதே அளவான நிலை.

மூன்றாவது, கை நீரிற் புகுமிடம். கை தன் தோளுக்கு நேர்முன்னே, பலகையின் ஓரத்தை ஒட்டிப் புகுதல் வேண்டும். பலகையின் நடுவைநோக்கிக் குறுக்கே செல்லலாகாது. விரல் நுனிகள் முதலிற் புகுக. பெருவிரலை முதலிற் புகுத்தினாற் புயம் உட்புறந் திரும்பித் தோளிடுக்கை ஒடுக்கும். விரல்களை இறுக்கிச் சேர்க்க வேண்டுவதில்லை; தளர்ந்த கையில் விரல்களுக்கிடையே சிறிது வெளி இருப்பினும் நீர் அதனூடே எளிதில் நழுவிச் செல்லாது.

நான்காவது, இழுப்பு. முன்னே நீட்டுங்காற் கையை மட்டும் நீட்டாது, தோட்பட்டையையும் முதுகின்மேல் முன்னோக்கி வழுக்கவிடுக. பின்பு முழங்கை உள்ளங்கையினும் உயர்ந்து நிற்க, முன்கை முழுவதும் துடுப்பின் தட்டாகி நீரைப் பற்றட்டும். அப்பற்றிய நீரைத் தாண்டி உடலையும் பலகையையும் முன்கொண்டு செல்வதாக எண்ணி இழுக்க. கையை நீரிற் பின்னே தள்ளுவதாக எண்ணினால் தோள் இழுக்கும்; உடலை முன்னே கொண்டுசெல்வதாக எண்ணினால் முதுகு இழுக்கும். எண்ணத்தின் இச்சிறு வேறுபாடு தசைகளின் வேலையை மாற்றிவிடுவதைப் பழகுவோர் தாமே உணர்வர். இழுப்பு இடுப்பளவில் முடிதல் போதும். அதற்கப்பால் நீரைத் தள்ளுவதாற் பயன் சிறிது, தோள்முறுக்கம் பெரிது.

ஐந்தாவது, மீட்சி. முழங்கை முதலில் எழ, தளர்ந்த கை நீரை ஒட்டியே முன்வருதல் வேண்டும். உடலைச் சற்று மறுபுறஞ் சாய்த்தால் தோள் மேலும் எளிதாகத் திரும்பும். தோள்களைச் செவியை நோக்கி உயர்த்தி வலிப்பது களைத்தோரிடமெல்லாங் காணப்படும் குறை. அது தோன்றியவுடன் நிறுத்தி மூச்சுவிடல் நன்று.

ஆறாவது, தாளம். பெரும்பலகையின் பேறு யாதெனின், ஒருமுறை செலுத்தினால் நெடுந்தூரம் தானே வழுக்கிச் செல்லுதல். சிறுபலகை மாறாத வலித்தலைக் கேட்கும். பெரும்பலகையோ இரண்டு இழுப்பு, ஓர் ஓய்வு என்னும் நடையிலும் செல்லும். சிறுபலகையின் விரைவைப் பெரும்பலகையிற் காட்ட முயல்வோர், அது கொடையாக அளிக்கும் ஓய்வை வேண்டாமென்று தள்ளுகின்றனர். அலையைப் பிடிக்குங் கணத்தில் விரைவு வேண்டும். அப்போதும் முதலிழுப்பிலேயே முழுவலியையுங் காட்டாது, நீண்ட மெல்லிழுப்பிற் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுதல் வேண்டும்.

முழந்தாளிலும் நின்றும் வலித்தல்

பெரும்பலகையின் குறையொன்றையும் கூறவேண்டும். அதன் அகலம் 22, 23 அங்குலம் வரை செல்லும். குறுகிய தோளுடையோர்க்கு அதனைச் சுற்றிக் கைநீட்டுதலே தோளை அகல விரித்து வருத்தும். அன்னோர் மிக அகன்ற பலகையைத் தவிர்த்து, நீளத்தினால் மிதப்பைப் பெறுவது மேல். பலகை வாங்குமுன் நிலத்தில் அதன்மேற் படுத்து, இருகைகளும் தடையின்றிக் கீழே தொங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மற்றொரு வழி முழந்தாளிட்டு வலித்தல். முற்காலத்து நீண்ட பலகையாளரிடையே பரவலாக வழங்கிய முறை இது. இரு கைகளையும் ஒருங்கே முன்னீட்டி, உடலை முன்குனிந்து நிமிர்த்துவதால் நீரை இழுப்பர். இதில் இடுப்பும் முதுகுமே தொழில் செய்யும். மிதப்பு மிகுந்த பலகையும் அமைந்த நீரும் இதற்கு வேண்டும். படுத்து வலித்துக் களைத்தபோது இம்முறைக்கு மாறுவது தோளுக்கு நல்ல ஓய்வு. முழந்தாள் நோயுடையோர்க்கு இஃது ஆகாது.

நின்று துடுப்பால் வலிப்போர் துடுப்பின் நீளத்தைக் கவனிக்க. அமைந்த நீரில் அது தம் உயரத்தினும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை மிகுந்திருத்தல் பொதுவழக்கு. அதனினும் நெடிதாயின் மேற்கை தலைக்குமேல் உயர்ந்து தோளிடுக்கை ஒடுக்கும். கைகளைப் பெரிதும் மடக்காது, இடுப்பையும் உடலையுந் திருப்பி வலித்தல் வேண்டும். தட்டு முழுவதும் நீரில் அமிழ்ந்தபின்னரே இழுக்கத் தொடங்குக. பாதி அமிழ்ந்த தட்டை இழுப்பது காற்றை இழுப்பது போலாம்.

காற்றைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். கச்சான் வீசுங் காலத்தில் நமது கரையிற் காற்று நிலத்தினின்றுங் கடலை நோக்கி அடிக்கும். கரையோரத்து நீர் கண்ணாடிபோற் கிடக்கும். பலகையோ தானே கடல்நோக்கிச் செல்லும். போகும்போது எளிதாயிருந்ததை எண்ணித் தொலைவு சென்றோர், திரும்புங்கால் முழுக்காற்றையும் எதிர்த்து வலிக்க நேரும். களைத்த தோளை முறிப்பது இத்தகைய திரும்புதலே; அது உயிருக்கும் ஊறாகலாம். காற்றெழுமுன் அதிகாலையிற் சென்று மீள்க. கரையை ஒட்டியே செல்க. முதலிற் காற்றுக்கெதிரே சென்று, களைத்தபின் காற்றோடு திரும்புக. மிதவைச் சட்டையும் துணையும் இன்றி எவருஞ் செல்லற்க.

தூக்கலும் கையாளலும்

தோள்நோவில் ஒரு பங்கு நீரிற் பிறவாது மணலிற் பிறக்கின்றது. 9 அடிப் பலகையை ஒரு கையால் அணைத்துச் செல்ல முயல்வோர், அதன் அகலத்தைக் கை சுற்றாமையால் தோளை உயர்த்தி விரல்நுனியாற் பிடித்துத் துன்புறுவர். சோழமண்டலக் கரையிற் கட்டுமரத்தைக் கரையேற்றியபின் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே கொண்டுசென்று உலரவிடும் வழக்கம் உண்டு. பெருஞ்சுமையைப் பகுத்துக்கொள்ளுதல் என்னும் அவ்வறிவைப் பலகையாளரும் கொள்ளல் நன்று. பலகையைப் பகுத்தல் இயலாது, சுமப்போரைப் பெருக்கலாம். இருவர் இரு பலகைகளை முன்பின்னாக நின்று, ஆளுக்கோர் முனையாக இரு கைகளிலும் தாங்கிச் செல்லின், சுமை இருபுறமும் ஒத்து நிற்கும். தனியே செல்வோர் தலைமேற் சும்மாடிட்டு வைத்து, இருகைகளாலும் மெல்லத் தொட்டுச் செல்லலாம். தொலைவாயின் இருசில்லு வண்டி பூட்டுக.

நிலத்திலிருந்து எடுக்கும்போது குனிந்து கைநீட்டாது, முழங்காலை மடக்கிப் பலகையை உடலோடு அணைத்து எழுக. காற்றடிக்கும்போது பலகையின் முனையைக் காற்றுக்கு நேரே வைத்தல் வேண்டும். குறுக்கே வைத்தால் பலகை பாயாகிவிடும். ஊர்தியின் கூரைமேல் ஏற்றுங்கால் முழுப்பலகையையும் தலைக்குமேல் உயர்த்தாது, முதலில் ஒரு முனையைக் கூரையில் ஏற்றிவிட்டு, மறுமுனையைப் பின்னர்த் தள்ளுக.

நீரில் இறங்கியபின் இடுப்பளவு ஆழம்வரை பலகையைப் பக்கத்தே வைத்து நடத்திச் செல்க. அலைக்கும் நமக்குமிடையே பலகை ஒருபோதும் குறுக்கே நிற்றலாகாது. வரும் அலை அதனை நம்மேல் எறியும். சிறு நுரையலையாயின் வாலை அழுத்தி முன்முனையை உயர்த்தி அதன்மேல் ஏற்றிவிடலாம். படுத்திருக்கும்போது வந்தால் இருகைகளையும் ஊன்றி மார்பை உயர்த்தி, உடலுக்கும் பலகைக்கும் இடையே நுரையைச் செல்லவிடலாம். பெரிதாயின் ஓரங்களைப் பற்றி உடலோடு பலகையையுங் கவிழ்த்து, ஆமைபோல் அதன்கீழே தங்கி, அலை கடந்தபின் மீண்டும் புரள்க. அவ்வேளையில் முழங்கைகள் மடங்கி விலாவை ஒட்டியிருத்தல் இன்றியமையாதது. கைகளை நீட்டிப் பிடித்தவனது தோளை அலை பலகையோடு சேர்த்துப் பிடுங்கும். மூட்டு நழுவுதலும் நாண் அறுதலும் இவ்வாறு நிகழ்வன. பிடித்திருக்க ஒண்ணாத அலையெனின், பின்னே எவரும் இல்லாமையை உறுதிசெய்துகொண்டு பலகையை விட்டு மூழ்குதலே தக்கது. காலிற் பூட்டிய கயிறு அதனைக் காக்கும். அக்கயிற்றை ஒருபோதும் கையிற் சுற்றிப் பிடித்தலாகாது.

விழுந்தபின் மீண்டும் ஏறுதலிலும் முறையுண்டு. மதிலேறுவான்போற் கைகளால் உடலைத் தூக்குதல் வேண்டா. பலகையைச் சற்றே அமிழ்த்தி, கால்களால் நீரை உதைத்து, வயிறு படிய அதன்மேல் வழுக்கி ஏறுக. நிற்பதற்கு எழும்போதும் கைகளை முன்னே நீட்டியூன்றாது, கீழ்விலாவின் அருகில் ஊன்றுக.

பேணலும் ஓய்வும்

நீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் தோள்களைச் சுழற்றி, உடலை இருபுறமுந் திருப்பி, தோட்பட்டைகளைப் பின்னே சேர்த்து விடுதல் போதிய ஆயத்தமாகும். வலித்தலால் மார்புத் தசைகள் வன்மையுற்று இறுகும். பிற்புறத்துச் சிறுதசைகள் பின்தங்கும். ஆதலின் வீட்டில் ஒரு றப்பர்ப் பட்டையைக் கதவிற் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்புறந் திருப்பி இழுத்தலும், இருகைகளாலும் அதனை மார்பை நோக்கி இழுத்துத் தோட்பட்டைகளைச் சேர்த்தலும் வாரத்தில் இரண்டு மூன்று நாட் பயிலத்தக்கன. மேசையடியில் நெடுநேரங் குனிந்திருந்து தொழில்செய்யும் நம்மனோர்க்கு மேல்முதுகு விறைத்திருக்கும். சுருட்டிய துவாயை முதுகின் கீழிட்டு மல்லாந்து கிடத்தல் அதற்கு உதவும். முதல்நாளே இரண்டு மணி நேரம் வலிக்க முயலாது, இருபது நிமிடத்திற் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டுக.

உழைத்த தசையின் அயர்வு ஓரிரு நாளில் தானே தணியும், அஃது அஞ்சத்தக்கதன்று. அப்பக்கமாகப் படுக்க இரவில் நோவெடுத்தல், கையைப் பக்கவாட்டில் உயர்த்துங்கால் இடைநிலையில் குத்துதல், விழுந்தபின் கையுயர்த்த வலியின்மை, கைவிரல்களில் மரத்தல் ஆகியன வைத்தியரை நாடவேண்டிய குறிகள். நீரிழிவுடையோர்க்குத் தோள் உறைந்து விறைக்கும் நோய் ஏனையோரினும் மிகுதியாக வருமாதலின், அவர் காலந்தாழ்த்தலாகாது. உழைக்கும்போது மார்பிறுக்கத்தோடு இடத்தோளில் எழும் நோவு தோளின் நோவன்றி இதயத்தின் அழைப்பாகவும் இருக்கலாம். அதனைப் பலகையின்மேற் பழிசுமத்தி வாளாவிருத்தல் பேதைமை. சாதாரண நோவிற்கு வலித்தலைச் சில நாள் நிறுத்தலாம். கையை முற்றும் அசையாது கட்டிவைத்தாலோ மூட்டு இறுகும். நோவில்லாத அளவில் அசைத்துக்கொண்டே ஆறவிடுக.

பாலமும் இயந்திரமும் நமது தோள்களைப் பழைய உழைப்பினின்றும் விடுவித்தன. ஆனால் அவ்வுழைப்போடு வளர்ந்த அறிவையும் உடன் இழத்தல் வேண்டியதில்லை. கரைவலைக் கயிற்றிலே சாய்ந்தவனும், தெப்பத்திலே முழந்தாளிட்டவனும் கற்றுவைத்த நெறி ஒன்றே: உடல் வலிக்கட்டும், தோள் வழிவிடட்டும். இதனை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தல் மூத்தோர் கடன். சொல்லிக்கொடுப்பதற்கு முன் அமைதியானதொரு காலைப்பொழுதில், குடாவின் ஓரத்து ஆழமற்ற நீரில், துணையொருவருடன் நாமே இதனைப் பழகிப் பார்த்தல் அதனினும் நன்று. ஆற்றல் என்னும் வலியும், செலுத்துதல் என்னும் வலித்தலும் நம்மோடு நெடுங்காலம் நிலைப்பதாக. நோவென்னும் வலி நம்மவர் தோளை அணுகாதொழிக.